நாற்பத்தோராம் பக்கத்து வசனம்

கல்லூரியின் பின்வாசலுக்கு எதிரே, சைக்கிள் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் ஜெராக்ஸ் கடையில் அந்த அக்கா பத்தொன்பது வருடமாக நிற்கிறார். நிற்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும். உள்ளே ஒரு நாற்காலி போட்டால் வாடிக்கையாளர் வெளியே போய்விட வேண்டியதுதான். மெஷின்கள் இரண்டு. புதியது பறக்கும், ஆனால் மழை பெய்தால் தாளை இழுக்காது. பழையது நத்தை மாதிரி நகரும், ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடும் போடும், ஆனால் எந்தத் தாளைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும். ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கும் வாரத்தில் ஸ்பைரல் பைண்டிங்குக்கு வரிசை சைக்கிள் கடை வரைக்கும் நிற்கும். அக்கா வியர்க்காமல், யாரையும் விரட்டாமல், துளை போட்டுக் கம்பியைச் சுழற்றிக்கொண்டே இருப்பார்.

மாணவர்களுக்கு அவர் ஜெராக்ஸ் அக்கா. பஸ் நிலையத்துக் கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கும் மாத நாவல்களில் ஒன்றை எழுதுவது அவர்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. அட்டையில் ஓர் ஆண் பெயர் இருக்கும். கொலைக் கதைக்கு ஆண் பெயர்தான் எடுபடும் என்று முதல் புத்தகத்தின்போதே பதிப்பாளர் சொல்லிவிட்டார். அக்கா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, பெயர் உங்கள் இஷ்டப்படி இருக்கட்டும், கதையின் முடிவு என் இஷ்டப்படி இருக்கட்டும் என்றார். அதற்குப் பிறகு நாற்பத்து நான்கு நாவல்கள் வந்துவிட்டன. ஒன்றின் முடிவிலும் யாரும் கை வைத்ததில்லை.

கூட்டம் இல்லாத நேரத்தில், வீணாய்ப் போன பிரதிகளின் பின்பக்கத்தில் எழுதுவார். முன்பக்கம் யாரோ ஒருத்தியின் வேதியியல் குறிப்பு, பின்பக்கம் ஒரு கொலை. அவருக்கு ஒரு வைராக்கியம் இருந்தது. தெரியாததை எழுத மாட்டார், தெரிந்துகொண்டுதான் எழுதுவார். திருடன் பீரோவைத் திறக்க வேண்டுமென்றால் பூட்டுக்காரரிடம் இரண்டு மதியம் போய் உட்கார்ந்து வருவார். அவருடைய கணவர் ஒரு பெரிய மருத்துவமனையில் லிஃப்ட் இயக்குபவர். இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டில் ஒரு கொலை நடக்கும்படி அக்கா எழுதியபோது, அந்த மனுஷர் வேலைக்கு நடுவே ஆளில்லாத லிஃப்டை நிறுத்தி, உள்ளேயிருந்து கதவை எத்தனை விரல் அளவு விலக்க முடியும் என்று அளந்து வந்து சொன்னார். நாவலில் அந்த அளவுதான் துப்பு.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு முறை சோம்பல்பட்டார். நாற்பத்து நாலாவது நாவலில் நாயகன் லாரிப் பட்டறையில் பெயிண்ட் அடிப்பவன், கஞ்சா பழக்கம் உள்ளவன். கஞ்சாவைப் பற்றி என்ன பெரிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்று அக்கா நினைத்துவிட்டார். செய்தித்தாளில் தினம் வருகிறது, சினிமாவில் வருகிறது. இரண்டே நாளில் அந்த அத்தியாயங்களை எழுதி முடித்தார். புத்தகம் வந்தது, வழக்கத்தைவிட நன்றாகவே போனது. பதிப்பாளர் அதே நாயகனை வைத்து இரண்டாம் பாகம் எழுதச் சொன்னார்.

அந்த வாரம்தான் பதிப்பாளர் அலுவலகம் வழியாக அந்தக் கடிதம் வந்தது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள், பென்சில் எழுத்து.

“ஐயா, நான் மறுவாழ்வு இல்லத்தில் பதினாலாம் படுக்கையில் இருக்கிறேன். வந்து பதினோரு நாள் ஆகிறது. உங்கள் நாவல் இங்கே கை மாறிக்கொண்டே இருக்கிறது. நாற்பத்தோராம் பக்கத்தில் உங்கள் பெயிண்டர் ‘நண்பா, கஞ்சா இருக்கா? போதை ஏத்திக்கணும்போல இருக்கு’ என்று கேட்கிறார். அதை நான் சத்தமாக வாசித்தேன். வார்டே சிரித்தது. நான் வந்த நாளிலிருந்து இங்கே யாரும் சிரித்து நான் பார்க்கவில்லை. அதற்கு நன்றி. அப்புறம் அவர் புகைத்துவிட்டுத் தள்ளாடுகிறார், பாட்டுப் பாடுகிறார், கடைக்காரரை அடிக்கப் போகிறார். ஐயா, அது சாராயம். இரண்டும் வேறு.”

கையெழுத்துக்குப் பதில் ‘பதினாலு’ என்று மட்டும் போட்டிருந்தது. கீழே இல்லத்தின் முகவரி.

கடிதத்தைப் படித்ததும் அக்கா முதலில் சிரித்துவிட்டார். மதியத்துக்குமேல் சிரிப்பு போய் உறுத்தல் வந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் நாற்பத்தோராம் பக்கத்தைக் கணவரிடம் வாசித்துக் காட்டினார். அவர் பேசாமல் இருந்தார். அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று அக்காவுக்குத் தெரியும். கையெழுத்துப் பிரதியிலேயே உங்களுக்கு இது உறுத்தியதா என்று கேட்டார். உறுத்தியது, ஆனால் எனக்கும் அதைப் பற்றி ஒன்றும் தெரியாதே, எந்த முகத்தோடு சொல்வது என்றார் கணவர்.

பதிப்பாளருக்குப் போன் போட்டு, இரண்டாம் பாகத்துக்கு இரண்டு மாதம் கூடுதலாக வேண்டும் என்று அக்கா சொன்னார். ஒரு கடிதத்துக்காகவா என்று அவர் அலுத்துக்கொண்டார். படிப்பவர்களில் நூற்றுக்கு ஒருவனுக்குத்தான் அந்தப் பழக்கம் இருக்கும், அவனும் வசனத்தைப் பார்த்தா படிக்கிறான் என்றார். அந்த ஒருவன் சிரித்தால் மீதித் தொண்ணூற்றொன்பது பேரையும் நான் ஏமாற்றியிருக்கிறேன் என்றுதானே அர்த்தம் என்று கேட்டுவிட்டு அக்கா போனை வைத்தார்.

வார்த்தைகளுக்கு வெகு தூரம் போக வேண்டாம், கடைக்கே வருகின்றனவே என்று அவருக்குத் தோன்றியது. காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தார். ஜெராக்ஸ் மெஷின் ஓடும்போது தங்கள் பேச்சு யாருக்கும் கேட்காது என்று மாணவர்கள் நம்புகிறார்கள். பத்தொன்பது வருடம் அந்தச் சத்தத்தோடு வாழ்ந்தவருக்கு அதைத் தாண்டிக் கேட்கத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஒரு வாரத்தில் ஸ்டஃப், ரோல், பஃப், பச்சை என்று ஒரு தாள் நிறைந்தது. சந்தேகம் வந்தபோது, தினமும் நூலகக் குறிப்புகளைப் பிரதி எடுக்க வரும் கண்ணாடி போட்ட மாணவியிடம் நேரடியாகவே கேட்டார். அவள் திடுக்கிட்டாள். அக்கா கதை எழுதுபவர் என்று தெரிந்ததும் அந்தத் திடுக்கிடல் போய் உற்சாகம் வந்துவிட்டது. மறுநாள் இணையத்திலிருந்து ஒரு பட்டியலை எடுத்து வந்தாள். நானூறு வார்த்தைகள் இருந்தன. அக்கா அதையெல்லாம் பேசுவார்களா என்று கேட்டார். அவள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, இதில் பாதி எங்க அப்பா காலத்தது, மீதியைப் பேசினால் எங்களோடு யாரும் சேர மாட்டார்கள் என்றாள். நீ புகைப்பாயா என்று அக்கா கேட்கவில்லை. அவளாகவே, எனக்கு அந்தப் பழக்கம் இல்லக்கா, ஆனா இந்த வார்த்தையெல்லாம் தெரியாத ஆள் எங்க வகுப்புல கிடையாது என்றாள்.

இரண்டாம் பாகத்தின் முதல் காட்சியை அக்கா எழுதினார். பெயிண்டரும் அவனுடைய கூட்டாளியும் பட்டறைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒரே பக்கத்தில் பதினோரு புது வார்த்தைகள். எழுதி முடித்தபோது அவருக்குப் பெருமையாக இருந்தது. பழைய மெஷினில் ஒரு பிரதி எடுத்து, நன்றி சொல்லி ஒரு குறிப்பும் வைத்து, பதினாலாம் படுக்கைக்கு அனுப்பினார்.

பதில் நான்கே வரி. “ஐயா, உங்கள் பெயிண்டர் எப்போது காலேஜில் சேர்ந்தார்? முதல் பாகத்தில் அவருக்கு முப்பத்து மூன்று வயது, பத்தாவது ஃபெயில். இந்தப் பேச்சு இருபது வயதுப் பணக்காரப் பையனுடையது. ஞாயிற்றுக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை பார்வையாளர் நேரம்.”

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. அக்கா ஒரு பையில் எழுதாத பின்பக்கத் தாள்களை எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனார். மறுவாழ்வு இல்லம் ஊருக்கு வெளியே, முன்பு பள்ளிக்கூடமாக இருந்த கட்டடம். பார்வையாளர் அறையில் இன்னும் கரும்பலகை இருந்தது, பெஞ்சுகள் குழந்தைகளுக்கான உயரம். வளர்ந்த மனிதர்கள் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்து தங்கள் குடும்பத்தாரோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

பதினாலு என்று அழைத்ததும் வந்தவருக்கு முப்பது வயது இருக்கும். டைல்ஸ் பதிக்கும் வேலைக்காரர். முழங்கால் இரண்டிலும் தோல் தடித்துக் கறுத்திருந்தது, வந்து உட்காரும்போதே தரையைப் பார்த்துவிட்டு, மூலையில் மட்டம் சரியில்லை என்று முகத்தைச் சுளித்தார். அக்காவின் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

“எழுத்தாளர் வரலையா?”

“நான்தான் தம்பி.”

அவர் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, “அதான் சாப்பாட்டுக் காட்சியெல்லாம் சரியா இருக்கு” என்றார். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் அவர் சொன்ன மற்றவை எல்லாம் பிடித்தன.

இரண்டு மணி நேரம் பேசினார். ஒரே ஆளே மூன்று இடத்தில் மூன்று விதமாகப் பேசுவான் என்றார். விற்கிறவனிடம் பேசுவது வேறு, கூட்டாளியிடம் வேறு, வீட்டில் வேறு. விற்கிறவனிடம் ‘பொட்டலம்’ என்பார்கள், அதுவும் விரலைத்தான் காட்டுவார்கள், ஒரு விரலா இரண்டு விரலா என்று. வேலை செய்யும் இடத்தில் மேஸ்திரிக்குத் தெரியாமல் இருக்க ‘பவுடர் கலக்கிட்டு வரேன்’ என்பார்கள். டைல்ஸ் இடுக்கில் பூசுகிற வெள்ளைப் பவுடரைச் சொல்வதாக மேஸ்திரி நினைத்துக்கொள்வார். வீட்டில் ‘கடைக்குப் போயிட்டு வரேன்’ என்பதோடு சரி. பெயிண்டர் என்றால் பெயிண்ட் வேலையின் வார்த்தைதான் அவன் வாயில் வரும், பட்டறையிலேயே ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்வான், வேறு எங்கிருந்தும் கடன் வாங்க மாட்டான் என்றார். புகைத்தவன் அடிதடிக்குப் போக மாட்டான். ஒரு டைலையே பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பான். சொன்னதையே சொல்வான், அதைப் புதிதாகக் கண்டுபிடித்தது மாதிரி சொல்வான். அப்புறம் பசிக்கும்.

அக்கா எழுதிக்கொண்டே இருந்தார். அவர் நன்றாகச் சொல்கிறார், ருசித்துச் சொல்கிறார். சொல்லும்போது அவருடைய வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று உரசி, இல்லாத ஒரு தாளைச் சுருட்டுவதை அக்கா கவனித்தார். அதையும் குறித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறும் போனார், அதற்கடுத்த ஞாயிறும் போனார். முப்பது தாள் நிறைந்தது. வாழ்க்கையில் இவ்வளவு கச்சிதமாக எனக்கு யாரும் தகவல் தந்ததில்லை, பூட்டுக்காரர்கூட என்று கணவரிடம் சொன்னார். பட்டறைக் காட்சியைத் திருத்தி எழுதினார். இந்த முறை யாரும் சிரிக்க முடியாது என்று அவருக்கே தெரிந்தது.

நான்காவது ஞாயிறு இல்லத்தின் ஆலோசகர் வாசலிலேயே காத்திருந்தார். அக்காவைவிட வயதில் இளையவர், கையில் ஒரு கோப்பு. இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்று ஓரமாக அழைத்துப் போனார். நீங்கள் வந்துபோகும் ஒவ்வொரு ஞாயிறுக்குப் பிறகும் திங்கட்கிழமை அவர் சாப்பிடுவதில்லை என்றார். போன செவ்வாய் வீட்டுக்குப் போகிறேன் என்று விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார், கெஞ்சித் திரும்ப வாங்க வைத்தோம். அவருடைய தங்கச்சி அரும்பாடுபட்டுக் கொண்டுவந்து சேர்த்த ஆள்.

“மேடம், நான் அவருக்கு எதுவும் கொண்டுவந்து குடுக்கலையே” என்றார் அக்கா.

“தெரியும். ஆனா அந்த வார்த்தைங்க போதும். நமக்கு அது வெறும் பேச்சு. அவருக்கு அது வாசனை.”

அக்காவுக்கு அந்த விரல்கள் ஞாபகம் வந்தன. தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வழியில்லை. பார்த்திருக்கிறார், குறித்தும் வைத்திருக்கிறார். காட்சிக்கு நன்றாக இருக்கும் என்று நினைத்ததைத் தவிர வேறு எதுவும் நினைக்கவில்லை. அதை ஆலோசகரிடம் அப்படியே சொன்னார். விரலைப் பார்த்தேன், பார்த்தும் நிறுத்தவில்லை, தப்பு என்மேல்தான் என்றார். ஆலோசகர் இதை எதிர்பார்க்கவில்லை. கோப்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, நானே அவரிடம் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் கிளம்புங்கள் என்றார். வேண்டாம், ஆரம்பித்தவள் நான், நான்தான் சொல்ல வேண்டும் என்று அக்கா உள்ளே போனார்.

அன்று பையிலிருந்து தாளை எடுக்கவில்லை. இனிமேல் அந்தப் பேச்சு வேண்டாம் தம்பி என்று சொல்லி, ஆலோசகர் சொன்னதையும் சொன்னார், தான் பார்த்ததையும் சொன்னார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நான் என்ன பாப்பாவா, எனக்கு எது ஆகும் எது ஆகாது என்று எனக்குத் தெரியாதா என்றார். இங்கே காலையில் எழுந்ததிலிருந்து எனக்கு எல்லோரும் சொல்லித்தருகிறார்கள், வாரத்தில் இரண்டு மணி நேரம்தான் நான் ஒருத்தருக்குச் சொல்லித்தருகிறேன், அதையும் பிடுங்குகிறீர்கள் என்றார். பக்கத்து பெஞ்சில் இருந்த குடும்பம் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்தது.

அக்கா எழுந்து போகவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. டைல்ஸ் பதிப்பதைச் சொல்லித்தாருங்கள் என்றார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, என் கதையில் ஒரு டைல்ஸ்காரரைக் கொண்டுவர முடியும், அந்த மூலையில் மட்டம் ஏன் சரியில்லை, அதிலிருந்து ஆரம்பியுங்கள் என்றார்.

அவர் அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்த மூலையைப் பற்றியே பேச ஆரம்பித்தார். கீழே மணலைச் சரியாக அமுக்கவில்லை, அதனால் தட்டினால் உள்ளே காலியாகச் சத்தம் வரும் என்றார். எழுந்துபோய் விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். சத்தம் அப்படித்தான் வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது குரல் மாறியிருந்தது.

“அக்கா, ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். அதோட விட்டுடலாம். கடைசி ரெண்டு வருஷம் நாங்க நாலு பேரும் அதுக்குப் பேரே சொன்னதில்ல. நான் சொன்ன பவுடர், பொட்டலம் எல்லாம் ஆரம்பத்துல. அப்புறம் போன்ல ஒரே வார்த்தைதான். ‘இருக்கியா?’ அவ்ளோதான். இருந்தா ‘இருக்கேன்’னு சொல்லுவான். இல்லன்னா போனை எடுக்க மாட்டான்.”

அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

“ஒரு நாள் வேலையில இருக்கேன். தங்கச்சி போன் பண்ணுது. சிக்னல் சரியில்ல. ‘அண்ணே, இருக்கியா? அண்ணே, இருக்கியா?’ன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. கையில இருந்த டைலைக் கீழ வெச்சுட்டேன். இதுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு பயந்துட்டேன். அது சும்மா நான் லைன்ல இருக்கேனான்னுதான் கேட்டுது. அவ்ளோ சாதாரண வார்த்தை. அதைக்கூட என்னால சாதாரணமா கேக்க முடியல. அன்னிக்குத்தான் தங்கச்சிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன்.”

இதைச் சொன்னபோது அவருடைய கைகள் முழங்கால்மேல் அசையாமல் இருந்தன.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அக்கா அந்த முப்பது தாள்களையும் மனதிலிருந்து இறக்கி வைத்துவிட்டார். மறுநாள் கடையில், கூட்டம் வருவதற்குமுன், பட்டறைக் காட்சியை மூன்றாவது முறையாக எழுதினார். பெயிண்டர் கூட்டாளியைப் போனில் கூப்பிடுகிறான். இருக்கியா என்கிறான். இருக்கேன் என்று பதில் வருகிறது. பிரஷ்ஷைக் கழுவாமலேயே வைத்துவிட்டுக் கிளம்புகிறான். நான்கு அத்தியாயம் தள்ளி, அவனைத் தேடி அவனுடைய அக்கா பட்டறைக் கதவைத் தட்டி அதே வார்த்தையைக் கேட்கிறாள். அந்த இடத்தில் கஞ்சா என்ற சொல்லே இல்லை. கணவர் படித்தார். இந்த முறையும் அவர் பேசாமல்தான் இருந்தார், ஆனால் தாளைத் திருப்பிக் கொடுக்காமல் இன்னொரு முறை படித்தார்.

பதினாலின் வார்த்தையை அச்சில் போடலாமா என்று அவரிடம் கேட்பதற்கு முன், பக்கங்களை ஆலோசகரிடம் கொடுத்தார். ஆலோசகர் மேஜையில் வைத்து, சிவப்புப் பேனாவோடு படித்தார். பேனாவைத் திறக்கவே இல்லை. இதில் நாக்கில் எச்சில் ஊற வைக்கும்படி ஒன்றும் இல்லை, அவரே படிக்கட்டும் என்றார். பதினாலு அன்று சாயங்காலமே வார்டில் அதை வாசித்துக் காட்டினாராம். பெயிண்டரின் முதலாளி கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடும் இடத்தில் சிரித்தார்கள். போன் காட்சியில் யாரும் சிரிக்கவில்லை. ஒன்பதாம் படுக்கைக்காரர் மட்டும், யாருப்பா இந்த ஆளு, நம்மகூட எப்ப உக்காந்தாரு என்று கேட்டாராம். அச்சில் போட்டால் கூட்டாளிகளுக்குப் பிரச்சினை வராதா என்று அக்கா கேட்டதற்கு, புத்தகம் வருவதற்குள் அவர்கள் இரண்டு முறை வார்த்தையை மாற்றியிருப்பார்கள், தைரியமாகப் போடுங்கள் என்று பதினாலு சொல்லி அனுப்பினார்.

பதிப்பாளர்தான் மல்லுக்கு நின்றார். இரண்டு மாதம் ஆராய்ச்சி என்றீர்கள், கடைசியில் ஒரு வார்த்தைகூட இல்லையே, இளைஞர்கள் எப்படிப் படிப்பார்கள் என்றார். இணையத்தில் நானூறு வார்த்தை இருக்கிறதாமே, அதில் நாலைந்தைத் தூவக்கூடாதா என்றார். அந்த நானூறும் என்னிடம் இருக்கிறது, வேண்டுமானால் ஸ்பைரல் போட்டுத் தருகிறேன், நாவலில் வராது என்றார் அக்கா. அவர் பேசிய தொனியைக் கேட்டுப் பதிப்பாளர் சிரித்துவிட்டார். காட்சி எழுதியபடியே வந்தது.

புத்தகம் மற்றவை எவ்வளவு போகுமோ அவ்வளவு போனது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சில கடிதங்கள் வந்தன. ஒரு கல்லூரி மாணவர், ஆசிரியருக்குக் கஞ்சாவைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை, சம்பந்தப்பட்ட வார்த்தைகளே வரவில்லை, என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எழுதியிருந்தார். கணவருக்குக் கோபம் வந்து, பதில் எழுதச் சொன்னார். அக்கா எழுதவில்லை. அந்த மாணவர் வாரம் இரண்டு முறை கடைக்கு வருபவர் என்று கையெழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருந்தார். அடுத்த முறை அவர் வந்தபோது பைண்டிங்கைக் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு போட்டுக் கொடுத்தார்.

பதினாலு மூன்று மாதம் முடிந்து வெளியே வந்தார். தங்கச்சி வீட்டுப் பக்கத்திலேயே வேலை கிடைத்தது. நாலு மாதம் நன்றாக இருந்தார், பிறகு ஒரு முறை சறுக்கினார். சறுக்கிய அன்றே தானாகவே போய் இல்லத்தின் கதவைத் தட்டினார், இருபது நாள் இருந்துவிட்டு வந்தார். இதைச் சொல்லும்போது அக்கா எதையும் மறைப்பதில்லை, அழுது வடிப்பதும் இல்லை. தானாகப் போனார் பார்த்தீர்களா என்பார், அவ்வளவுதான். இப்போது அக்காவின் கதையில் கட்டட வேலை வந்தால் அந்தப் பக்கங்கள் அவரிடம்தான் போகின்றன. கடிதங்கள் இன்னமும் பென்சிலில்தான் வருகின்றன, இன்னமும் சுருக்கென்றுதான் இருக்கின்றன. போன மாதம், உங்கள் கொத்தனார் கரண்டியை இடது கையில் பிடிக்கிறார், அவர் இடக்கைக்காரர் என்றால் முன்னாடியே சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்.

நாற்பத்து ஆறாவது நாவல் மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் நடக்கிறது. இரத்தக் கறை படிந்த ஒரு போர்வை எண் மாறிப்போவதுதான் கதை. கணவர் சொல்லி வைத்ததால் அனுமதி கிடைத்தது. ஒரு புதன்கிழமை மதியம் கடையை அவரிடம் ஒப்படைத்துவிட்டு அக்கா போனார். ஆவியும் சோடா வாசனையுமாக இருந்த அந்த நீளமான அறையில், இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த ஓர் அம்மா, போர்வைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா ஒரு கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து தாளை எடுத்தார். எடுத்த தாளை மடியில் வைத்துவிட்டு, முதலில் வேறொன்றைக் கேட்டார்.

“அம்மா, இந்தக் கறையைப் பத்தியெல்லாம் பேசுறது உங்களுக்கு ஒண்ணும் கஷ்டமா இருக்காதுல்ல?”

அந்த அம்மா போர்வையை உதறிப் பார்த்தார், இடதுபக்கக் குவியலில் போட்டார்.

“இத்தனை வருஷத்துல யாரும் கேட்டதே இல்ல. கேளுங்க, சொல்றேன்” என்றார்.